நேரம் சொன்ன தலைகள்

2018இல் அலுவலக வேலையாக இரண்டு வாரம் பெய்ஜிங்கில் இருந்தேன். சனிக்கிழமை ஒன்று காலியாகக் கிடைத்தது. பெருஞ்சுவருக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனை, கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி தடுத்தார். “அங்க மனுஷத் தலைங்கதான் தெரியும். நான் வேற தலைங்களைக் காட்டுறேன், வாங்க.” கூட்டிப்போன இடம் ஒரு கண்ணாடிக் கோபுரம். லிஃப்டில் ஒன்பதாவது மாடி. வங்கி அலுவலகம் போன்ற வரவேற்பறையைத் தாண்டினால் பாலி கலை அருங்காட்சியகம்.

பழங்கால வெண்கலப் பாத்திரங்கள், புத்தர் சிலைகள் எல்லாவற்றையும் கடந்து, இருட்டாக்கப்பட்ட ஒரு கூடத்தில் நான்கு தலைகள் இருந்தன. மாடு, புலி, குரங்கு, பன்றி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள், மேலிருந்து விழும் வெளிச்சத்தில். மனிதத் தலையைவிடச் சற்றே பெரிய அளவு. மயிர்க்கற்றைகள் ஒவ்வொன்றாகத் தெரியும்படியான நுணுக்கம். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. வாயருகே குனிந்து எட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் இருட்டு.

“சாமியா?” என்று கேட்டேன். நம்மூர்ப் பழக்கம். வெண்கலம் என்றாலே கை கூப்பத் தோன்றும்.

“இல்ல. குழாய்” என்றார். “தண்ணி வர்ற வாய்.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

*

அந்தத் தலைகளின் கதையை அவற்றின் உடம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெய்ஜிங்குக்கு வடமேற்கே யுவான்மிங்யுவான் என்ற அரண்மனைத் தோட்டம் இருந்தது. ஏறத்தாழ 350 ஹெக்டேர். ஏரிகள், தீவுகள், பாலங்கள், மரத்தாலான நூற்றுக்கணக்கான மண்டபங்கள். ஆங்கிலத்தில் இதைப் ‘பழைய கோடை அரண்மனை’ என்பார்கள். உண்மையில் சிங் வம்சப் பேரரசர்கள் வருடத்தின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார்கள். ஆட்சியும் அங்கிருந்தே நடந்தது.

1747இல் பேரரசர் சியென்லுங் ஒரு ஐரோப்பிய நீரூற்றின் படத்தைப் பார்க்கிறார். சீனத் தோட்டங்களில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே தண்ணீர் தேங்கும், ஓடும், கீழே விழும். மேல்நோக்கிப் பாய்வதில்லை. இது எப்படி என்று அரசவை ஓவியரைக் கேட்கிறார். அந்த ஓவியர் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ஜூசெப்பே காஸ்டிலியோனே. 1715இல் சீனா வந்தவர். லாங் ஷினிங் என்ற சீனப் பெயரில் குதிரைகளும் பூக்களும் பேரரசர்களும் வரைந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியாது, ஆனால் கணக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அவர் கைகாட்டியது மிஷேல் பெனுவா என்ற பிரெஞ்சுத் துறவியை. பெனுவா வானியல் படித்தவர். கோள்களைக் கணக்கிட வந்த மனிதருக்கு, வந்த சில வருடங்களிலேயே பிளம்பிங் வேலை கொடுக்கப்பட்டது. கணிப்பொறித் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ‘உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே’ என்று பிரிண்டரைச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள்.

பெனுவா கற்றுக்கொண்டு செய்தார். தோட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் ஐரோப்பிய பாணிக் கல் மாளிகைகள் எழுந்தன. அவற்றில் மிகப் பெரியது ஹையான்தாங்; அமைதியான கடலின் மண்டபம் என்று பொருள் சொல்லலாம். 1759 வாக்கில் கட்டிமுடிக்கப்பட்டது. அதன் முன்னால் இருந்த குளத்தின் இரு கரைகளிலும் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு உருவங்கள் உட்கார்ந்திருந்தன. அங்கி போர்த்திய மனித உடல், கல்லில். கழுத்துக்கு மேலே விலங்குத் தலை, வெண்கலத்தில். எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு பேர்.

அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல அவை. மரபான சீனக் கணக்கில் ஒரு நாள் என்பது பன்னிரண்டு பொழுது. ஒவ்வொரு பொழுதும் நம்முடைய இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு. இரவு பதினொன்றிலிருந்து ஒன்று வரை எலி. ஒன்றிலிருந்து மூன்று வரை மாடு. மூன்றிலிருந்து ஐந்து வரை புலி. இப்படியே போய், பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை குதிரை. தன் முறை வரும்போது அந்தந்த விலங்கின் வாயிலிருந்து தண்ணீர் பீறிடும். எந்த வாய் பேசுகிறது என்று பார்த்தால் மணி தெரியும். சரியாக நண்பகலில் மட்டும் பன்னிரண்டு வாய்களும் ஒன்றாகத் திறக்கும்.

அதாவது அது ஒரு கடிகாரம். ஒவ்வொரு தலையும் அந்தக் கடிகாரத்தில் ஓர் எண்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் உச்சியில் பெரிய தொட்டி. கசியாமலிருக்க உள்ளே வெள்ளீயத் தகடு பாவியிருந்தது. இயந்திரங்கள் தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்றும். மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். நம்மூர் மேல்நிலைத் தொட்டியின் அதே தத்துவம். ஒரு இத்தாலியன் வரைந்து, ஒரு பிரெஞ்சுக்காரன் கணக்குப் போட்டு, சீனக் கொல்லர்களும் கல்தச்சர்களும் செய்து, மஞ்சு இனப் பேரரசன் ஒருவன் பார்த்து ரசித்த கடிகாரம். அரண்மனைக்கு வெளியே இருந்த கோடிக்கணக்கான சீனர்களில் ஒருவரும் அதில் மணி பார்த்ததில்லை.

*

1774இல் பெனுவா இறந்தார். அதன்பின் நடந்தது என் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சோகம். ஒரே ஆள் எழுதிய சிஸ்டம். அவர் போன பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. நீரேற்றும் இயந்திரங்கள் பழுதாகின. சரிசெய்யவும் ஆளில்லை. பேரரசர் அந்தப் பக்கம் வருகிறார் என்றால், பணியாட்கள் முன்கூட்டியே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மேல் தொட்டியை நிரப்புவார்கள். அவர் வரும்போது ஊற்று பொங்கும். அவர் போனதும் நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கடிகாரத்தின் மீது பிரியம் வந்தது. முன்பக்கம் பார்த்தால் தானியங்கி அதிசயம். பின்பக்கம் போனால் தோளில் வாளியுடன் பெயர் தெரியாத ஆட்கள். இன்றைக்கும் எத்தனையோ ‘தானியங்கி’ சேவைகளின் பின்னால் யாரோ வாளி சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

1780களில் அரசவை ஓவியர் யி லான்தாய் அந்த ஐரோப்பிய மாளிகைகளை வரைந்து, 20 செப்புத்தகட்டு அச்சுப்படங்களாகச் செதுக்கினார்கள். இந்த மாளிகைகள் முழுசாக இருந்தபோது எப்படி இருந்தன என்று இன்று சொல்ல உதவுபவை அந்தப் படங்கள்தான். அவற்றில் ஹையான்தாங்கின் முன்னால் பன்னிரண்டு உருவங்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

*

1860. இரண்டாம் அபினிப் போரின் கடைசிக் கட்டம். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து சீனாவின் வடக்கே படை இறக்குகின்றன. ஆகஸ்ட் 21 அன்று டாக்கு கோட்டைகள் விழுகின்றன. செப்டம்பரில், பேச்சுவார்த்தைக்காகப் போன குழுவைச் சீனத் தரப்பு சிறைபிடிக்கிறது. மொத்தம் 39 பேர். டைம்ஸ் பத்திரிகை நிருபர் தாமஸ் பவுல்பியும் அவர்களில் ஒருவர். சித்திரவதையில் ஏறத்தாழப் பாதிப்பேர் செத்துப்போகிறார்கள், பவுல்பி உட்பட.

அக்டோபர் 6ஆம் தேதி படைகள் யுவான்மிங்யுவானை அடைகின்றன. பேரரசர் சியென்ஃபெங் ஏற்கெனவே வடக்கே தப்பி ஓடிவிட்டார். கொள்ளை தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வந்தார்கள், பிரிட்டிஷார் பின்னால் வந்தார்கள். யார் அதிகம் எடுத்தார்கள் என்று இரண்டு தரப்பும் பின்னாளில் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். சுற்றுப்புறத்து மக்களும் கிடைத்ததை எடுத்தார்கள். பிரிட்டிஷ் தளபதி ஹோப் கிராண்ட் தன் ஆட்கள் எடுத்ததையெல்லாம் ஒரே இடத்தில் குவிக்கச் சொல்லி, பெய்ஜிங்கிலேயே ஏலம் விட்டார். பணத்தைப் படையினருக்குப் பங்கு பிரித்தார். சாதாரணச் சிப்பாய் ஒருவருக்கு ஏறக்குறைய 4 பவுண்டு. இந்த ஏலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் வரப்போகும் பல ஏலங்களில் அதுதான் முதலாவது.

அக்டோபர் 18 அன்று, சிறைபிடிக்கப்பட்டவர்களின் சாவுக்குத் தண்டனை என்று சொல்லி, எல்ஜின் பிரபு அரண்மனையைக் கொளுத்த உத்தரவிட்டார். பொதுமக்களை அல்ல, பேரரசரை நேரடியாக வலிக்கச் செய்வது என்பது அவருடைய வாதம். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலிலிருந்து பளிங்குச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துப் போன எல்ஜினின் மகன்தான் இவர். அப்பா பெயர்த்தார், மகன் எரித்தார். 1862இல் இவர் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். அடுத்த வருடமே தர்மசாலாவில் இறந்தார். கல்லறை அங்கேயே ஒரு தேவாலய வளாகத்தில் தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கிறது.

மரத்தால் கட்டிய மண்டபங்கள் நாட்கணக்கில் எரிந்து சாம்பலாயின. கல்லால் கட்டியவை கருகி நின்றன. அதனால் இன்றைக்கு யுவான்மிங்யுவான் என்று தேடினால் வரும் படம், புகைப்படத்துக்குப் புகைப்படம், உடைந்த ஐரோப்பியத் தூண்கள். அந்தத் தோட்டத்தின் பரப்பில் நூற்றில் இரண்டு பங்குதான் ஐரோப்பியப் பகுதி. சீனாவின் காயத்துக்கு முகமாக நிற்பவை ஐரோப்பிய பாணி இடிபாடுகள்.

கொள்ளை போன பொருட்களில் ஒரு பங்கு பிரெஞ்சு ராணி யூஜெனியின் ஃபோன்டென்புளோ மாளிகைக்குப் போனது; அங்கே இன்றும் சீனக் கூடம் இருக்கிறது. அரண்மனையில் கிடைத்த ஒரு பெக்கினீஸ் நாய்க்குட்டி விக்டோரியா ராணிக்குப் பரிசாகப் போனது. அதற்கு வைத்த பெயர் லூட்டி. இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘லூட்’ என்ற சொல்தான். கொள்ளைக்கு ஒரு செல்லப்பெயர்.

*

நூறு வருடங்களுக்கு மேல் அந்தத் தலைகளைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. 1980களில் நியூயார்க், லண்டன் ஏலங்களில் சில தலைகள் தென்பட்டன. அப்போது அவை வேலைப்பாடு மிக்க சீனக் கலைப்பொருட்கள், அவ்வளவுதான்.

எல்லாம் மாறியது 2000இல். ஹாங்காங் சீனாவிடம் திரும்பி மூன்று வருடம் ஆகியிருந்தது. கிறிஸ்டீஸும் சோத்பீஸும் குரங்கு, மாடு, புலி மூன்றையும் ஹாங்காங்கிலேயே ஏலத்துக்குக் கொண்டுவந்தன. திருடிய வீட்டு வாசலிலேயே கடை விரிப்பதா என்று கொந்தளிப்பு. சீன அரசு நிறுத்தச் சொல்லியும் ஏலம் நடந்தது. மூன்றையும் வாங்கியது பாலி குழுமம். சீன ராணுவத்தின் வயிற்றிலிருந்து பிறந்த, ஆயுத வியாபாரத்தில் பெயர்பெற்ற அரசு நிறுவனம். மூன்றுக்கும் சேர்த்து 3 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல். அந்த மூன்றும், 2003இல் மக்காவ் சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஸ்டான்லி ஹோ வாங்கிக் கொடுத்த பன்றியும்தான் நான் பார்த்த நான்கு.

2007இல் குதிரை வந்தது. ஏலத்துக்கு முன்னதாகவே ஸ்டான்லி ஹோ 6.91 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கிக்கொண்டார். ஏழு வருடத்தில் மூன்று தலைகளின் மொத்த விலையைப்போல் இரண்டு மடங்கு, ஒரே தலைக்கு. அதே ஊற்று, அதே வெண்கலம். கூடியது வேறு ஏதோ ஒன்று.

2009 பிப்ரவரியில் பாரிஸ். ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் இறந்தபின் அவரும் பியர் பெர்ஜேயும் சேர்த்த கலைப்பொருட்களைக் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. அதில் எலியும் முயலும் இருந்தன. ஏலத்தைத் தடுக்கக் கோரி வழக்கு. பாரிஸ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சீனா மனித உரிமைகளை மதித்து, திபெத்துக்கு விடுதலை கொடுத்தால் தலைகளைச் சும்மாவே தருகிறேன் என்றார் பெர்ஜே. பேச்சு எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது. ஒவ்வொன்றும் 1.4 கோடி யூரோவுக்குத் தொலைபேசியில் ஒருவர் கேட்டு, சுத்தியல் விழுந்தது.

சில நாட்களில் அந்த ஒருவர் பெய்ஜிங்கில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். பெயர் ட்சாய் மிங்சாவ். அவரே கலைப்பொருள் வியாபாரி. ஆமாம், நான்தான் ஏலம் கேட்டேன், பணம் கொடுக்க மாட்டேன் என்று அறிவித்தார். எந்தச் சீனனும் இதைத்தான் செய்திருப்பான் என்பது அவர் சொன்னதன் சாரம். பாராட்டியவர்கள் உண்டு. ஏலத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது அவமானம் என்று திட்டிய சீனர்களும் உண்டு.

2013இல் பினோ குடும்பம் எலியையும் முயலையும் இலவசமாகவே சீனாவுக்குக் கொடுத்தது. அந்தக் குடும்பத்தின் கையில்தான் கிறிஸ்டீஸும் இருக்கிறது. அதே வருடம் ஏப்ரலில், சீனப் பெருநிலத்தில் சுயமாகத் தொழில் நடத்தும் உரிமம் கிறிஸ்டீஸுக்குக் கிடைத்தது. இரண்டையும் முடிச்சுப்போடுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஆக ஏழு தலைகள். டிராகன், பாம்பு, ஆடு, சேவல், நாய் ஐந்தும் அப்போது பொதுக்கண்ணில் படாமலே இருந்தன. 2012இல் ஜாக்கி சான் ஒரு முழு நீளப் படமே எடுத்தார், இந்தத் தலைகளைத் தேடிக் குதிப்பதும் பறப்பதுமாக.

சீனாவிலேயே கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். தண்ணீர்க் குழாயின் முனைக்கா இத்தனை கோடி, நாம் ஆத்திரப்பட ஆத்திரப்பட விற்பவன்தானே லாபம் பார்க்கிறான் என்று. கலைஞர் ஐ வெய்வெய் இந்தக் கேள்வியை வெண்கலத்திலேயே கேட்டார். 2010இல் பன்னிரண்டு தலைகளையும் பெரிதாக்கி வார்த்தார். கிடைத்த ஏழுக்கு மூலம் இருந்தது. கிடைக்காத ஐந்தைக் கற்பனையில் செய்தார். ஐரோப்பியர் வடிவமைத்து மஞ்சு அரசனுக்காகச் செய்த ஒன்று எப்படிச் சீனத் தேசியப் புதையல் ஆகும் என்பது அவர் தரப்பு. 2011 மே மாதம் அந்தத் தலைகள் நியூயார்க்கில் புலிட்சர் நீரூற்றைச் சுற்றி நின்றபோது, அவர் சீனக் காவலில் இருந்தார். 81 நாள். தலைகள் வெளியே, செய்தவன் உள்ளே.

*

இதில் பாதியை அந்தத் தோழி எனக்கு அருங்காட்சியகத்திலேயே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இடிபாடுகளுக்குக் கூட்டிப்போனதையும், வீட்டில் அப்பா 2000 ஏலச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுததையும் சொன்னார். குழாய் என்றபோது நான் சிரித்ததற்கு எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஈடுகட்ட நினைத்து ஆரம்பித்தேன். “எங்க ஊர்லயும் இதே கதைதான்.” அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து போன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியதையும், 2014இல் அந்நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்ததையும் சொன்னேன். பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றத்தில் கோயிலே வழக்காடி ஜெயித்ததைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். நான் ஜோரில் முடித்தேன்: “நம்ம ரெண்டு பேரும் ஒரே ஆளுங்ககிட்ட கொள்ளை போனவங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சங்கடப்படுத்திவிடக் கூடாதே என்ற அக்கறையோடு, மெதுவாகச் சொன்னார்.

“ஆனா அந்தப் படையில இந்தியர்களும் வந்தாங்க, இல்லையா?”

எனக்கு உடனே பதில் வந்தது. யோசிக்கவே இல்லை. “அது பஞ்சாபிங்க. நாங்க தெற்கு.”

இன்றுவரை என்னை உறுத்துவது அந்தப் பதிலின் வேகம். நடராஜர் என்றபோது ‘எங்க ஊர்’. கொள்ளை போனவர்கள் என்றபோது ‘நம்ம’. சிப்பாய்கள் என்றதும் ‘அவங்க’.

*

ஹோட்டலுக்குத் திரும்பிய இரவு தேட ஆரம்பித்தேன். ஊர் திரும்பியும் விடவில்லை.

பஞ்சாபிகள் வந்திருந்தார்கள், உண்மை. புரோபின்ஸ் ஹார்ஸ், ஃபேன்ஸ் ஹார்ஸ் குதிரைப்படைகள். சிறைபிடிக்கப்பட்ட அந்த 39 பேரில் ஃபேன்ஸ் ஹார்ஸின் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களிலும் பலர் செத்தார்கள். யாருடைய சாவுக்குப் பழிவாங்கவென்று அரண்மனை எரிந்ததோ, அந்தச் செத்தவர்களிலேயே நம்மவர்கள் இருந்தார்கள். பவுல்பியின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர்களுடைய பெயர்களுக்கு நான் எவ்வளவோ பக்கம் புரட்ட வேண்டியிருந்தது.

ஆனால் பஞ்சாபோடு நிற்கவில்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் அங்கே இருந்தார்கள்.

மெட்ராஸ் மாகாணத்தின் தமிழ், தெலுங்கு பேசும் ஊர்களிலிருந்து ஆள் எடுத்து உருவான பொறியாளர் படை. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கோட்டைச் சுவருக்கு ஏணி சாத்துவது இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களுக்கு இன்றும் ‘தம்பி’ என்று பெயர். இந்தப் படையின் போர் விருதுகளின் பட்டியலில் ‘டாக்கு ஃபோர்ட்ஸ்’, ‘பீக்கின் 1860’ இரண்டும் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1840 முதல் 1842 வரை நடந்த முதலாம் அபினிப் போருக்காகச் ‘சீனா’ என்ற விருதும், கூடவே சின்னமாக ஒரு டிராகனும். டிராகன் தலையைச் சீனா தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம், ஒரு டிராகன் நம் படைப்பிரிவு ஒன்றின் சின்னத்தில் இருந்திருக்கிறது.

அதே முதல் போரில், 1841 மே மாதம், கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி கிராமத்தில் 37ஆவது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி கொட்டும் மழையில் வழி தவறியது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டியும் மண்வெட்டியுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். அந்நியரை எதிர்த்துச் சாதாரண மக்கள் எழுந்த முதல் நாள் என்று சீனாவில் சான்யுவான்லியைக் கொண்டாடுகிறார்கள், நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த மழையில் நடுவில் நின்றவர்கள் மெட்ராஸ்காரர்கள். அவர்கள் வரலாற்றில் ‘அந்நியர்’ என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோம்.

யுவான்மிங்யுவானுக்குத் தீ வைத்த கைகளில் மெட்ராஸ் கை இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் படை பெய்ஜிங் வரைக்கும் நடந்து போகப் பாதையும் பாலமும் வேண்டியிருந்தது. அதைச் செய்வதற்கென்றே இருந்த படையில் எங்கள் ஊர் ஆட்கள் இருந்தார்கள் என்கிறேன். ஏன் போனார்கள்? கூலிக்கு. பஞ்சத்துக்கு. சம்பளமும் ஓய்வூதியமும் தந்த ஒரே வேலை என்பதற்கு. பிரிட்டிஷ் படைக்கு மூட்டை தூக்கவும் டாக்கு கோட்டையில் ஏணி பிடிக்கவும் கான்டனிலிருந்து சீனக் கூலிகளே ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சீனரைத் தோற்கடிக்கச் சீனர் ஏணி பிடித்தார்கள், நாம் பாலம் போட்டோம். தலைகளைப் பேரரசருக்காகத் தண்ணீர் துப்ப வைத்தவர்களும் வாளி சுமந்த கூலிகள்தான். இந்தக் கதையில் தொடக்கம் முதல் கடைசி வரை தூக்குகிற வேலையை யாரோ ஒரே மாதிரி ஆட்கள்தான் செய்கிறார்கள்.

இதனால் நம் நடராஜர்களைத் திருப்பிக் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் போகாது. அவை திரும்பத்தான் வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்குத் திரும்பி வர ஒரு கருவறை இருக்கிறது. விளக்கேற்ற, திருமஞ்சனம் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். இந்தத் தலைகளுக்கு உடம்பும் இல்லை, தொட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அரசன் ஒருவனின் விளையாட்டுப் பொருளாகப் பிறந்தவை அவை. போன பிறகுதான் எல்லோருக்கும் சொந்தமாயின. தோழியின் அப்பா அழுதது வெண்கலத்துக்காக அல்ல. அவர் ஒருநாளும் பார்த்திராத, பார்க்க அனுமதியே கிடைத்திருக்காத ஒரு கடிகாரம், போன விதத்தாலேயே அவருடையதாகிவிட்டது. அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐ வெய்வெய் சொல்வதும் சரிதான், அந்த அப்பாவின் அழுகையும் சரிதான்.

நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம். ‘நம்ம’ என்று சொல்லி ஒரு இழப்பில் பங்கு கேட்கிறவன், அதே ‘நம்ம’வின் கணக்குப் புத்தகத்தில் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும். சோழ வெண்கலம் எங்களுடையது என்றால், பீக்கின் 1860உம் எங்களுடையதுதான்.

*

2019இல் ஸ்டான்லி ஹோ குதிரைத் தலையைச் சீனாவுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 2020 டிசம்பரில் அது யுவான்மிங்யுவானுக்கே போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த ஏழில், புறப்பட்ட இடத்துக்கே போன முதல் தலை அதுதான். குதிரை நண்பகலின் விலங்கு. பன்னிரண்டு வாய்களும் ஒன்றாகத் திறக்கும் நேரத்தின் விலங்கு.

அந்தச் செய்தியைப் பார்த்த அன்று தோழிக்கு ஒரு நீளமான மெயில் எழுதினேன். சாப்பர்ஸ், சான்யுவான்லி மழை, டிராகன் சின்னம் எல்லாவற்றையும் சொல்லி, அன்றைக்கு அருங்காட்சியகத்தில் நான் சொன்ன பதில் தப்பு, தெற்கிலிருந்தும் வந்திருந்தோம் என்று முடித்திருந்தேன். அனுப்பிய பிறகு, எதற்கு இதெல்லாம், பழைய கதையைக் கிளறிவிட்டோமோ என்று பயமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்றே வரி.

“படிச்சேன். அப்பாவுக்கும் படிச்சுக் காட்டினேன். அடுத்த தடவை வந்தா சொல்லுங்க, குதிரையைப் பார்க்க மதியம் பன்னிரண்டு மணிக்குப் போவோம்.”